பூமியின் பாதையில் வரும் கற்கள்



2025-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள். புதிய பள்ளி ஆண்டு தொடங்கிய வாரம். எங்கள் தோட்டப் பள்ளியில் நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் எழுந்து நின்று, "ஐயா, 2032-ல் வானத்திலிருந்து ஒரு கல் விழுந்து உலகம் அழியப் போகிறதாமே? அந்த ஆண்டுதானே நாங்கள் ஐந்தாம் படிவம்? அப்படியென்றால் எஸ்.பி.எம். தேர்வு எழுத வேண்டாமா?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. கேட்டவன் மட்டும் சிரிக்கவில்லை. முந்திய இரவு தாயாரின் கைப்பேசிக்கு வந்த செய்தியைப் படித்துவிட்டு அவன் சரியாக உறங்கவில்லை என்பது பின்னர்தான் தெரிந்தது.

அந்தப் பிள்ளைக்கு நாங்கள் வகுப்பில் சொன்ன பதிலைத்தான் இன்று சற்று விரிவாக உங்களுக்கும் சொல்ல விரும்புகின்றோம். ஏனெனில், அவன் படித்த செய்தி முழுப் பொய்யும் அன்று. முழு மெய்யும் அன்று. பாதியில் நின்றுபோன செய்தி அது.

வானில் சுற்றித் திரியும் இந்தக் கற்கள் யாவை? சூரியனைச் சுற்றி எட்டுக் கோள்கள் வலம் வருகின்றன என்பதை நாம் அறிவோம். இக்கோள்கள் உருவான காலத்தில் சேராமல் மிஞ்சிப்போன கல்லும் இரும்பும் இன்றும் சூரியனைச் சுற்றுகின்றன. வீடு கட்டிய பின் மனையில் கிடக்கும் உடைந்த செங்கல்லைப் போன்றவை அவை. அவற்றையே சிறுகோள்கள் என்கின்றோம். பெரும்பாலானவை செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே ஒழுங்காகச் சுற்றுகின்றன. வியாழனின் ஈர்ப்பு விசையால் பாதை மாறிய சில, பூமி செல்லும் வழிக்கே வந்துவிடுகின்றன. வால்நட்சத்திரமோ பனிக்கட்டியும் தூசியும் கலந்தது. சூரியனை நெருங்கும்போது வெப்பத்தால் பனி ஆவியாகி, நீண்ட வாலாகத் தோன்றுகின்றது.

வால்நட்சத்திரம் தோன்றினால் அரசனுக்கு ஆகாது, நாட்டில் பஞ்சம் வரும் என்று நம் முன்னோர் அஞ்சினர். உலகின் பல நாட்டு மக்களும் அவ்வாறே அஞ்சினர். அந்த அச்சத்தைக் கணக்கால் வென்றவர் எட்மண்ட் ஹாலி என்ற ஆங்கிலேய அறிஞர். முன்பு வெவ்வேறு ஆண்டுகளில் காணப்பட்டவை எல்லாம் ஒரே வால்நட்சத்திரமே என்றும், அது 1758-ஆம் ஆண்டு வாக்கில் மீண்டும் வரும் என்றும் அவர் கணித்தார். அதைக் காண அவர் உயிரோடு இல்லை. ஆனால் 1758 டிசம்பர் 25-ஆம் நாள் இரவு அது வந்தது. அதை முதலில் கண்டுபிடித்தவர் ஜெர்மனி நாட்டின் சாக்சனிப் பகுதியைச் சேர்ந்த பாலிட்ச் என்ற ஓர் உழவர். வானத்தைப் பார்க்கப் பெரிய பட்டம் தேவையில்லை. பொறுமைதான் தேவை என்பதற்கு அவரே சான்று.

சரி, இந்தக் கற்களால் உண்மையில் ஆபத்து உண்டா? உண்டு. ஏறத்தாழ 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர், சுமார் 10 கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு சிறுகோள் இன்றைய மெக்சிகோ நாட்டுக் கரையில் மோதியது. டைனோசர்கள் அழிந்ததற்கு அதுவே முதன்மையான காரணம் என்பது அறிஞர்களின் முடிவு. அத்தகைய மோதல் பல கோடி ஆண்டுகளுக்கு ஒருமுறை நிகழ்வது. ஆனால் சிறிய கற்கள் அவ்வளவு காலம் காத்திருப்பதில்லை. 1908 ஜூன் 30-ஆம் நாள் ரஷ்யாவின் சைபீரியாவில் துங்குஸ்கா ஆற்றுப் பக்கம் வானிலேயே ஒரு கல் வெடித்துச் சிதறியது. ஏறக்குறைய 2,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் காட்டு மரங்கள் சாய்ந்தன. அங்கே ஒரு நகரம் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நம் காலத்திலேயே நிகழ்ந்த ஒன்றையும் கேளுங்கள். 2013 பிப்ரவரி 15-ஆம் நாள் காலை, ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே, சூரியனையும் மிஞ்சும் வெளிச்சம் ஒன்று தோன்றியது. சுமார் 20 மீட்டர் அகலமுள்ள ஒரு கல், விநாடிக்கு 19 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, தரையிலிருந்து 30 கிலோமீட்டர் உயரத்தில் வெடித்தது. மக்கள் வேடிக்கை பார்க்கச் சன்னலருகே ஓடினர். இடி முழங்கும்போது மின்னல் முந்தி, ஓசை பிந்தி வருவதை நாம் அறிவோம் அல்லவா? அதுபோலவே, ஓரிரு நிமிடங்கள் கழித்து அதிர்வலை வந்து சேர்ந்தது. சன்னல் கண்ணாடிகள் உடைந்து சிதறின. காயம்பட்டோர் ஏறத்தாழ 1,500 பேர்.

அந்த நகரின் ஒரு பள்ளியில் நான்காம் வகுப்பு ஆசிரியை ஒருவர் இருந்தார். அந்த ஒளி என்னவென்று அவருக்கும் தெரியாது. இருந்தும், மாணவர்களைச் சன்னலை விட்டு விலகச் சொல்லி, மேசைகளுக்கு அடியில் பதுங்க வைத்தார். அதிர்வலை வந்தபோது நின்றுகொண்டிருந்த அவருடைய கையிலும் தொடையிலும் கண்ணாடி வெட்டியது. அவருடைய பொறுப்பில் இருந்த 44 பிள்ளைகளில் ஒருவருக்கும் வெட்டுக்காயம் இல்லை. ஆசிரியத் தொழில் புரியும் எங்களுக்கு இந்நிகழ்ச்சியை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு நெகிழ்கின்றது.

அந்தக் கல்லைப் பற்றி யாரும் முன்கூட்டியே எச்சரிக்கவில்லை. சூரியன் இருக்கும் திசையிலிருந்து அது வந்தது. பகல் வானத்தில், சூரிய ஒளியின் நடுவே, தொலைநோக்கிக்கு ஒன்றும் தெரிவதில்லை. இந்தக் குறையை இன்றும் முற்றாகத் தீர்க்க முடியவில்லை. இதற்கெனவே அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா, வெப்பக் கதிர்களைக் கொண்டு சிறுகோள்களைக் காணும் ஒரு தொலைநோக்கியை விண்வெளிக்கு அனுப்பத் திட்டமிட்டுப் பணியாற்றி வருகின்றது.

இனி, இக்கற்களை எவ்வாறு கண்டுபிடிக்கின்றனர் என்பதைப் பார்ப்போம். காலையில் பள்ளித் திடலில் மாணவர்கள் வரிசையாக நிற்கின்றனர் என்று வைத்துக்கொள்வோம். மாடியிலிருந்து ஒரு படம் எடுக்கின்றோம். சிறிது நேரம் கழித்து மற்றொரு படம் எடுக்கின்றோம். இரண்டையும் ஒப்பிட்டால், நின்ற இடத்தில் நின்றவர் யார், நழுவி ஓடியவர் யார் என்பது உடனே தெரிந்துவிடும். விண்மீன்கள் வரிசையில் அசையாமல் நிற்கும் பிள்ளைகள். சிறுகோள் நழுவி ஓடும் பிள்ளை. ஒரே இரவில் வானின் ஒரே பகுதியைச் சிறிது நேர இடைவெளி விட்டு நான்கு முறை படம் பிடித்தால், இடம் மாறிய புள்ளியைக் கணினி பொறுக்கி எடுத்துவிடும். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலும், ஹவாய்த் தீவுகளிலும், சிலி நாட்டிலும், தென்னாப்பிரிக்காவிலும் உள்ள தொலைநோக்கிகள் இரவுதோறும் இப்பணியைச் செய்கின்றன.

புள்ளியைக் கண்டால் மட்டும் போதாது. அது போகும் வழி தெரிய வேண்டும். 1801-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் இத்தாலிய அறிஞர் பியாசி, சிரிஸ் என்னும் முதல் சிறுகோளைக் கண்டார். சுமார் 40 நாள் பார்த்தபின், அது சூரியனின் பக்கம் போய் மறைந்துவிட்டது. மீண்டும் எங்கே தேடுவது என்று எவருக்கும் தெரியவில்லை. அப்போது 24 வயதே நிரம்பிய ஜெர்மானியக் கணித மேதை காஸ், பியாசி குறித்து வைத்திருந்த சில இடங்களை மட்டும் கொண்டு அதன் பாதையைக் கணித்தார். அவர் சொன்ன இடத்துக்கு அருகிலேயே, அந்த ஆண்டு முடிவதற்குள், அது மீண்டும் கிடைத்தது. காணாமற்போன ஒரு கோளைத் தாளும் எழுதுகோலும் மீட்டுத் தந்தன! கணக்குப் பாடம் எதற்கு என்று கேட்கும் பிள்ளைகளுக்கு நாங்கள் இந்தக் கதையைத்தான் சொல்வது வழக்கம்.

இன்று உலகெங்கும் எடுக்கப்படும் அளவுகள் யாவும் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் உள்ள சிறுகோள் மையத்துக்கு அனுப்பப்படுகின்றன. அதை ஒரு வருகைப் பதிவேடு எனலாம். புதிதாக ஒன்று வந்தால் அங்கே பதிவாகும். அமெரிக்காவிலும் இத்தாலியிலும் உள்ள கணிப்பு நிலையங்கள் தனித்தனியே கணக்கிட்டு, விடைகளை ஒப்பிட்டுப் பார்க்கின்றன. பூமியின் பாதையை நெருங்கும் சிறுகோள்களில் 40,000-க்கும் மேற்பட்டவை 2025-ஆம் ஆண்டு முடிவதற்குள் பதிவாகிவிட்டன. ஒரு கிலோமீட்டரும் அதற்கு மேலும் அகலமுள்ள பெரியவற்றில் 100-க்கு 95-க்குக் குறையாமல் கண்டாயிற்று என்பது அறிஞர்களின் மதிப்பீடு. ஆனால் ஒரு மாநிலத்தையே பாழாக்க வல்ல 140 மீட்டர் அளவுக்கு மேற்பட்டவை ஏறத்தாழ 25,000 இருக்கலாம் என்கின்றனர். அவற்றில் பாதிகூட இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. பதிவேட்டில் உள்ள 140 மீட்டருக்கு மேற்பட்டவற்றில் எதுவும் அடுத்த 100 ஆண்டுகளில் நம்மீது மோதும் என்று அஞ்சத்தக்க நிலையில் இல்லை. அஞ்ச வேண்டியது பதிவேட்டில் பெயர் இல்லாதவற்றைத்தான்.

இப்போது அந்த மாணவனின் கேள்விக்கு வருவோம். 2024 டிசம்பர் 27-ஆம் நாள், சிலி நாட்டில் உள்ள ஒரு தொலைநோக்கி, சுமார் 60 மீட்டர் அகலமுள்ள ஒரு சிறுகோளைக் கண்டது. 2024 ஒய்.ஆர்.4 என்று அதற்குக் குறியீடு இட்டனர். 2032 டிசம்பர் 22-ஆம் நாள் அது பூமியில் மோத 100-க்கு 1 வாய்ப்பு இருப்பதாகச் சனவரியில் தெரிந்தது. பிப்ரவரி 18-ஆம் நாள் அந்த வாய்ப்பு 3.1 விழுக்காடாக உயர்ந்தது. மோதினால் எங்கே மோதும் என்று கணித்த பட்டையில் தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, அரபிக் கடல் ஆகியவற்றோடு தென் ஆசியாவும் இருந்தது. செய்தி உலகெங்கும் பரவியது. "ஒன்று இருந்தது மூன்றாகிவிட்டது, நாளை முப்பதாகும்" என்று மக்கள் எண்ணினர். ஆனால் அடுத்த சில நாள்களிலேயே அது சரசரவென்று இறங்கி, அந்த மாதம் முடிவதற்குள் ஒன்றுமில்லை என்னும் நிலைக்கு வந்துவிட்டது.

அறிஞர்கள் முதலில் தவறாகச் சொல்லிவிட்டுப் பிறகு திருத்திக்கொண்டனரா? இல்லை. இதை ஒரு தோட்டத்து எடுத்துக்காட்டால் விளக்குவோம்.

மாலையில் ஒரு கன்றுக்குட்டி தோட்டத்துக்குள் ஓடிக் காணாமற் போய்விட்டது. மொத்தம் 100 நிரைகள். அவற்றுள் கடைசி நிரையில் மட்டும் ஒரு பாழுங்கிணறு இருக்கின்றது. கன்று எந்த நிரையில் நிற்கின்றது என்று தெரியாது. ஆகவே, கிணற்று நிரையில் நிற்க 100-ல் 1 வாய்ப்பு. முதல் 60 நிரைகளையும் தேடியாயிற்று, கன்று இல்லை. மிச்சம் 40 நிரைகள். இப்போது அந்த வாய்ப்பு 40-ல் 1. இன்னும் கொஞ்சம் தேடுகின்றோம். 32 நிரைகள் மிச்சம். வாய்ப்பு 32-ல் 1, அதாவது சுமார் 3 விழுக்காடு. கன்று கிணற்றை நோக்கி ஓடவில்லை. நாம் தேட வேண்டிய இடம்தான் சுருங்கிக்கொண்டு வருகின்றது. திடீரென்று 75-ஆவது நிரையிலிருந்து "அம்மா" என்று குரல் கேட்கின்றது. அந்தக் கணமே கிணற்றைப் பற்றிய கவலை அற்றுப்போகின்றது.

சிறுகோளின் கதையும் இதுவேதான். மேலும் மேலும் அளக்க அளக்க, அது செல்லக்கூடிய வழிகள் குறைகின்றன. பூமி அந்த மிச்சத்துக்குள் இருக்கும் வரை வாய்ப்பு ஏறும். பூமி வெளியே வந்த உடனே விழுந்துவிடும். ஆகவே வாய்ப்பு ஏறுவதைக் கண்டால், காவலர்கள் விழித்திருக்கின்றார்கள் என்று கொள்க.

இவ்வாறே 20 ஆண்டுகளுக்கு முன்னரும் ஒருமுறை நிகழ்ந்தது. அந்த நாளை நம் நாட்டில் எவரும் மறந்திருக்க முடியாது. 2004 டிசம்பர் 26. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்றுகொண்டிருந்த நாங்கள் விடுமுறைக்குத் தோட்டத்துக்குத் திரும்பியிருந்தோம். காலை 9 மணி அளவில் சுமத்திராவுக்கு அருகே கடலடியில் பெரும் நிலநடுக்கம். சுனாமி பினாங்குக் கரைக்கும் கெடா கரைக்கும் வந்து சேர்ந்தது பிற்பகலில். இடையே ஏறத்தாழ நான்கு மணி நேரம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, கடற்கரையில் குடும்பங்கள் உல்லாசமாக இருந்தன. வரப் போவதை அவர்களுக்குச் சொல்ல ஓர் ஏற்பாடு அப்போது இந்தியப் பெருங்கடலில் இல்லை.

அதே நாள்களில் வேறொரு கணக்கும் நடந்துகொண்டிருந்தது. அந்த ஆண்டு ஜூன் மாதம் அரிசோனாவில் கண்டு, பிறகு கைவிட்டுப்போன ஒரு சிறுகோள், டிசம்பரில் ஆஸ்திரேலியாவிலிருந்து மீண்டும் காணப்பட்டது. அதன் அகலம் 300 மீட்டருக்கு மேல். பின்னாளில் அதற்கு அப்போபிஸ் என்ற பெயர் சூட்டப்பட்டது. அது 2029 ஏப்ரல் 13-ஆம் நாள் பூமியில் மோதும் வாய்ப்பு நாளுக்கு நாள் ஏறி, டிசம்பர் 27-ஆம் நாள் 2.7 விழுக்காட்டைத் தொட்டது. அதுவரை எந்தச் சிறுகோளுக்கும் அவ்வளவு வாய்ப்பு கணிக்கப்பட்டதில்லை. உலகமோ சுனாமித் துயரில் மூழ்கிக் கிடந்தது. இந்தச் செய்தியைக் கவனித்தவர் சிலரே. அறிஞர்கள் பழைய படங்களைப் புரட்டினர். அந்த ஆண்டு மார்ச்சு மாதம் எடுத்த ஒரு படத்தில், அப்போது எவர் கண்ணிலும் படாத மங்கலான புள்ளியாக அது இருந்தது. அந்த ஒரு புள்ளி கணக்கை முடித்துவிட்டது. 2029-ல் மோதாது! பின்னர், 2021-ஆம் ஆண்டு ராடார் கருவியால் அளந்து, அடுத்த 100 ஆண்டுகளுக்கும் அதனால் அபாயமில்லை என்று உறுதி செய்தனர்.

நேயர்களே, இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். 25 ஆண்டுகளுக்குப் பின்னர் வரக்கூடிய ஒரு கல்லின் நாளைக் கணிக்க மனிதனால் முடிந்தது. நான்கு மணி நேரத்தில் வந்த அலையைக் கரையில் நின்றவர்களுக்குச் சொல்ல அவனால் முடியவில்லை. ஆகவே பார்ப்பது மட்டும் போதாது. கணிப்பது மட்டும் போதாது. உரியவர்களுக்கு உரிய நேரத்தில் சொல்லவும் வேண்டும். சுனாமிக்கு அந்தப் பாடத்தை மிகுந்த விலை கொடுத்துக் கற்றோம். அதன் பிறகே இந்தியப் பெருங்கடலுக்கும் எச்சரிக்கை ஏற்பாடு அமைந்தது. விண்கற்களுக்கும் இப்போது பல நாடுகள் கூடிய எச்சரிக்கை அமைப்பு ஒன்று உண்டு. மோதும் வாய்ப்பு 1 விழுக்காட்டைத் தாண்டினால் அது உலக நாடுகளுக்கு அறிவிக்கும். 2025-ல் நாம் கேட்ட செய்தி அவ்வாறு வந்ததே. அது மறைக்கப்படவில்லை என்பதே நமக்கு ஆறுதல்.

மோதும் என்று உறுதியாகத் தெரிந்தால் என்ன செய்வது? கல் சிறியதானால், விழும் இடத்தைக் கணித்து மக்களை அப்புறப்படுத்தலாம். 2008 அக்டோபரில் சுமார் 4 மீட்டர் அகலமுள்ள ஒரு கல், விழுவதற்கு ஏறக்குறைய 20 மணி நேரம் முன்னதாகவே கண்டுபிடிக்கப்பட்டது. சூடான் நாட்டுப் பாலைவனத்தில் விழும் என்று கணித்தனர்; சொன்ன நேரத்தில் சொன்ன இடத்தில் விழுந்தது. பின்னர் கார்ட்டூம் பல்கலைக்கழக மாணவர்கள் மணலில் வரிசையாக நடந்து அதன் துண்டுகளைப் பொறுக்கி எடுத்தனர்.

கல் பெரியதானால், தள்ளிவிட வேண்டும். இது கற்பனையன்று, செய்து பார்த்தாயிற்று. 2022 செப்டம்பர் 26-ஆம் நாள், நாசா அனுப்பிய டார்ட் என்ற விண்கலம், டைமார்பஸ் என்னும் சுமார் 160 மீட்டர் அகலமுள்ள சிறுகோளின் மீது விநாடிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் வேண்டுமென்றே மோதியது. அச்சிறுகோள் தன்னைவிடப் பெரிய மற்றொன்றைச் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு சுற்றுக்கு 11 மணி 55 நிமிடம் எடுத்த அது, மோதலுக்குப் பின் சுமார் 11 மணி 23 நிமிடத்தில் சுற்றியது. ஒரு வானுலகப் பொருளின் ஓட்டத்தை மனிதன் முதன்முதலாக மாற்றினான். பல ஆண்டுகள் முன்னதாகத் தெரிந்தால், சிறிய தள்ளல் போதும். ஓட்டப்பந்தயத்தில் ஒருவன் தொடக்கத்தில் ஓர் அடி விலகினால், முடிவில் எவ்வளவு தூரம் விலகிவிடுவான்! காலம்தான் இங்கே ஆயுதம்.

வால்நட்சத்திரங்களிடத்தில் மட்டும் அந்தக் காலம் நமக்குக் கிட்டுவதில்லை. சில வால்நட்சத்திரங்கள் இலட்சக்கணக்கான ஆண்டுகளுக்கு ஒருமுறை, மிகத் தொலைவிலிருந்து வருகின்றன. 2013 சனவரியில் கண்ட ஒரு வால்நட்சத்திரம், 2014 அக்டோபரில் செவ்வாய்க் கோளை மிக நெருங்கிக் கடந்தது. இடையே இரண்டு ஆண்டுகூட இல்லை. 1994-ஆம் ஆண்டு சூலை மாதம், உடைந்த வால்நட்சத்திரம் ஒன்றின் துண்டுகள் வியாழனில் மோதிப் பூமியளவு பெரிய கரும்புள்ளிகளை உண்டாக்கியதையும் அறிஞர்கள் நேரில் கண்டனர். இத்தகையவை மிக மிக அரியவை. ஆயினும், இன்னும் தொலைவிலேயே கண்டுகொள்ளும் கண்கள் நமக்கு வேண்டும். சிலி நாட்டில் அமைந்துள்ள வேரா ரூபின் தொலைநோக்கி அத்தகைய கண். 2025 ஜூன் மாதம் வெளியிட்ட முதல் படங்களில், சுமார் 10 மணி நேரப் பார்வையிலேயே, அது 2,104 புதிய சிறுகோள்களைக் காட்டியது. அவற்றில் 7 பூமியை நெருங்கும் வகையைச் சேர்ந்தவை, எதுவும் அபாயமில்லாதவை.

அந்த மாணவனுக்கு நாங்கள் கடைசியாகச் சொன்னது இதுதான்: "தம்பி, நீ ஐந்தாம் படிவத் தேர்வு எழுதத்தான் வேண்டும். கைப்பேசியில் அச்சமூட்டும் செய்தி வந்தால், அதை உடனே பிறருக்கு அனுப்பாதே. கணக்கு முடிந்துவிட்டதா என்று முதலில் கேள்." அவன் சற்று ஏமாற்றத்தோடுதான் அமர்ந்தான், ஆனால் அன்றிரவு நன்றாக உறங்கியிருப்பான் என்று நம்புகின்றோம்.

2029 ஏப்ரல் மாதத்தை நேயர்களும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அப்போபிஸ் பூமியின் தரையிலிருந்து ஏறத்தாழ 32,000 கிலோமீட்டர் தொலைவில் கடந்து செல்லும். பல செயற்கைக் கோள்கள் சுற்றும் உயரத்தைவிட அது குறைவு. ஐரோப்பா, ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியா ஆகிய இடங்களில் உள்ளோர் அதை வெறுங்கண்ணாலேயே காண இயலும். அது மிக நெருங்கும் நேரம் நம் நாட்டுக் கடிகாரப்படி ஏப்ரல் 14, காலை 6 மணிக்குச் சற்று முன்னர். தோட்டத்தில் பால்மரம் சீவப் புறப்படும் வேளை அது. அன்று சித்திரைப் புத்தாண்டு. வீட்டு வாசலில் கோலமிடும் அந்த நேரத்தில், ஒரு காலத்தில் உலகை நடுங்க வைத்திருக்கக்கூடிய ஒரு கல், கணக்கில் சொன்ன வழி தவறாமல் நம்மைக் கடந்து போய்க்கொண்டிருக்கும். பிள்ளைகளை எழுப்பி அதைச் சொல்லுங்கள்.